ரயிலில் நான் போகவில்லை

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள்:
ரயில் இல்லை.
காலை பதினொரு மணி. ஓட்டோ.
பின்சீற்றில் தையல் மெசின்,
அது ஆடாமல் இருக்க
அவருடைய கிற்றார் வயரால் கட்டியிருந்தது.
வயரை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன்.
பாலையூற்றிலிருந்து உவர்மலைக்கு முந்நூற்றைம்பது ரூபா.
இதைத்தான் மனிசன்
ஏழு மணி ரயிலில் ஏறிப்போனாள் ரோசலின் என்று
மூன்றரை நிமிடத்துக்கு இழுத்து
சிங்கிள் என்று வெளியிட்டிருக்கிறார்.

ரோசலின் நான்தான்.
புஷ்பகாந்தி மெட்டுக்குள் அடங்கவில்லையாம்.
பத்தொன்பது வருசம்
வீட்டுக்குள் அடங்கியிருந்த பெயர்.

கொழும்பில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுதியதாம்:
தமிழில் கண்ட்ரி பாட வராது,
அதற்கு மேய்ச்சல் நிலம் வேண்டும், குதிரை வேண்டும்.
டெரன்ஸ் பர்த்தலோட்டிடம் இரண்டும் இல்லை.
வெல்டிங் கடை இருக்கிறது. உப்புக் காற்று இருக்கிறது.
ஸ்பார்க் பிளக் கழற்றும் சொக்கற்றைக்
கம்பியில் வைத்து வழுக்கி
ஓர் அழுகையை வெளியே எடுக்கத் தெரியும்.
குதிரை வரவேண்டிய இடத்தில் மானைப் போட்டார்,
கோட்டை வாசலில் பொலித்தீன் மெல்லுகிற
எங்கள் ஊர் மான்.
தமிழ்ப் பத்திரிகை அதைக் குறியீடு என்றது.
மான், பாவம், மான்தான்.

வானொலியில் ஒரேயொரு தரம் போட்டார்கள்,
கடைசிச் சரணத்தை சவர்க்கார விளம்பரம் தின்றுவிட்டது.
ஊருக்கு அது போதும்.
அறுக்குளா நிறுத்துக்கொண்டே மீன்காரன் சொன்னான்:
'ரோசலின் அக்கா, கொஞ்சம் இரக்கம் கூடப் போடலாமே.'
பங்குத்தந்தை பிரசங்கத்தில் இரண்டு வரி எடுத்தார்,
பெயர் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை,
வாங்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.
டொக்யார்ட் வீதிக் கடையில்
பாணும் பருப்பும் சாப்பிடுகிற நேவிப் பெடியனுக்கு
ஒரு சொல்லும் விளங்காது,
ரயில் என்ற இடத்தில் மட்டும் கை நின்றுவிடுமாம்.
அவன் வீட்டுக்கும் அந்த ரயில்தான்.

பாட்டில் நான் கெட்டவள் இல்லை.
அதுதான் கரைச்சல்.
போகும்போது திரும்பி ஒருதரம் பார்க்கிறேனாம்.
பார்த்தேன்தான்,
மெசின் சரிந்துவிடுமோ என்று.
என் முகத்தைப் பார்த்துப்
பத்துச் சொல் சேர்த்துக் கதைக்காத மனிசன்
மைக்கின் முன்னால் என்ன சரளம்!

நேற்று கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன்.
கொண்டக்டர் நஸ்மீர் ஒருநாளைக்குப் பதினொரு தரம் அதைப் போடுகிறவர்,
என்னைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார்.
'கூட்டுங்கோ' என்றேன்.
முதல் சரணம் முழுப் பொய்.
கோரஸ் அதைவிட.
இரண்டாம் சரணத்தில்
கேத்திலில் இரண்டு பேருக்குத் தண்ணி வைக்கிறார்.
ஒரு கோப்பையைக் குடிக்கிறார்,
மற்றதை ஆறவிட்டு
அதையும் தானே குடிக்கிறார்,
சீனி போடாமல்.
சீனி ஆகாதது எனக்கு.
இது எனக்குத் தெரியாது.
உவர்மலையடியில் இறங்கவேண்டியவள்
பாலம் வரைக்கும் போய்விட்டேன்.
நஸ்மீர் மிச்சக் காசு கேட்கவில்லை.

அதற்காகத் திரும்பிப் போவேன் என்று நினைக்காதீர்கள்.
நல்ல சரணம். அவ்வளவுதான்.

பாட்டு வந்த கிழமை
ரவிக்கை தைக்கத் தந்த இரண்டு பேர்
துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.
இன்று புதிதாக ஒருத்தி வந்தாள்.
பச்சைத் துணி, அவசரமில்லை என்றாள்.
அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன்.
தூக்கியவள் சுவரைப் பார்த்தபடி,
நாடாவுக்கு மட்டும் கேட்கிற குரலில்:
'அந்த ரயில்
உண்மையாவே ஏழு மணிக்கா அக்கா?'

குண்டூசியை வாயிலிருந்து எடுத்தேன்.
'ஏழு மணி வரைக்கும் இருக்கத் தேவையில்லை.
ஓட்டோ காணும்.
மெசின் ஏதும் இருக்கா?
கட்டுறதுக்கு
ஒரு வயர் பார்த்து வை.'